துணி டாப்புக்குச் சோப்பு ஏன் எதிரி?

2020-ல் புது மஹிந்திரா தார் வந்தபோது, மடக்குகிற துணி டாப்போடும் அதை வாங்க முடிந்தது. இப்போ பாளையங்கோட்டைப் பக்கம் கூட அந்த மாதிரி வண்டி கண்ணுல படுது. கழுவுறது மட்டும் தகரக் கூரையைக் கழுவுற மாதிரியே நடக்குது: ஷாம்பூவைக் கொட்டி, கட்டை பிரஷ்ஷால தேய்ச்சு, ஒரு வாளித் தண்ணி ஊத்தி முடிச்சிடுறாங்க. அப்புறம் ஐப்பசி மழையில சீட்டு நனையுது.

நெசவுத் துணியில் இழைக்கு இழை இடைவெளி இருக்கத்தான் செய்யும். தண்ணியை வெளியே நிறுத்துவதில் இழை மேல் இருக்கிற நீர்விலக்குப் பூச்சுக்குப் பெரிய பங்கு. அதில் விழுந்த துளியின் தொடுகோணம் 90 டிகிரிக்கு மேல், அதனால உருண்டு ஓடிடும். 25 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். சோப்பு கலந்தால் அது ஏறக்குறைய பாதியாகும். சரியா அலசாம துணியில் காய்ந்துபோன சோப்பை அடுத்த மழைத் துளி கரைச்சு, அப்படியே இழைக்குள்ள இறங்கிடும். உப்புத் தன்மையுள்ள போர் தண்ணி இன்னும் மோசம். அதில் சோப்பு திரிந்து நெசவில் ஒட்டிக்கும்.

அதனால முதல்ல காய்ந்த பிரஷ்ஷால தூசியைத் தட்டுங்க. பிளீச் இல்லாத மென்மையான சோப்பு கொஞ்சம் போதும். தேய்ச்ச நேரத்தை விட அலசுற நேரம் கூடுதலா இருக்கணும். நிழலில் முழுசா காய்ந்ததும் நாலு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. முத்து மாதிரி நின்னா நல்லது. பரவி ஊறினா நீர்விலக்கு ஸ்பிரே அடிக்கிற நேரம் வந்தாச்சு.

அல்வா ருசிக்கே தாமிரபரணித் தண்ணிதான் காரணம்னு பேசுற ஊர் நம்மது. அதுக்காக வண்டியை ஆத்துக்குள்ள இறக்கிக் கழுவ வேண்டாம் மக்கா. நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணி அது.

ஆட்டோ டாப் கதை வேற. அது ரெக்சின், துணி மேல் பிவிசி பூசினது. தண்ணி தையல் வழியாவும் வெடிப்பு வழியாவும்தான் இறங்கும். வெயிலில் பிவிசியின் மென்மையாக்கி போய்த்தான் அது விறைச்சு வெடிக்குது. கறை போக தின்னரோ பெட்ரோலோ போட்டுத் துடைச்சா அந்த வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும். வெடிச்ச இடத்துக்கு ஸ்பிரே உதவாது, ஒட்டுப் போடணும்.

பின்னாடி இருக்கிற பிளாஸ்டிக் கண்ணாடியைக் காய்ந்த துணியால துடைக்காதீங்க, கீறல் விழும். எந்த டாப்பா இருந்தாலும் மடக்குறதுக்கு முன்னால தையல் ஓரத்தை விரலால தொட்டுப் பாருங்க. மேல காய்ந்திருந்தாலும் அங்க ஈரம் நிக்கும். ஈரத்தோட மடிச்சு வச்சா பூஞ்சை பிடிச்சிடும்.