சிசேரியன் தையல்: வீட்டுக்கு வந்த பிறகும் கவனிங்க

பிள்ளை பெத்தவளுக்குப் பருப்பு கொடுக்காதே, தையல் சீழ் வைக்கும். திருத்தங்கல், சிவகாசி பக்கம் இருக்கிற வாசகர்கள் பலரும் வீட்டுப் பெரியவங்க இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீங்க. சீழுக்குக் காரணம் பருப்பு இல்லை, பாக்டீரியா. காயம் ஆற அந்தப் பருப்பின் புரதச்சத்து தேவை.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். அதனால் இது உங்க வீட்டு விஷயமும்தான்.

தையலைக் கெடுக்கும் பாக்டீரியா தோலிலிருந்து வரலாம். நாம பேசக் கூச்சப்படுகிற பிறப்புறுப்பிலிருந்தும் வரலாம். அங்கே பாக்டீரியா இருப்பது அசுத்தம் இல்லை. லாக்டோபேசிலஸ் என்ற நல்ல வகை, தயிரில் இருக்கிற அதே லாக்டிக் அமிலத்தைச் சுரந்து கெட்ட கிருமிகளை அடக்கி வைக்கிறது. சோப்பு, கிருமிநாசினி போட்டு உள்ளே கழுவினால் அந்தக் காவல்தான் போகும். வெளியே தண்ணீரில் கழுவினாலே போதும்.

சிக்கல் எப்போ வருது? பனிக்குடம் உடைந்து நேரம் ஆக ஆக, கீழே இருக்கிற கிருமிகள் கர்ப்பப்பைக்கு ஏறும். பிறகு சிசேரியன் செய்தால், கர்ப்பப்பையைத் திறக்கும்போது அவை வயிற்றுக் காயத்தையும் தொடும். அதனால பனிக்குடம் உடைந்த நேரத்தை உடனே போனில் குறிச்சு வைங்க, டாக்டர் கேட்கிற முதல் கேள்விகளில் அதுவும் ஒண்ணு. கர்ப்ப காலத்தில் வெள்ளைப்படுதல் கொஞ்சம் கூடுவது சகஜம். ஆனா சாம்பல் நிறமா, மீன் வாடையோட வந்தால் செவிலியர் அக்காகிட்ட மறைக்காம சொல்லிடுங்க. மாத்திரையிலேயே சரியாகும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி பிறப்புறுப்பைப் பழுப்பு நிற அயோடின் மருந்தால் துடைப்பாங்க. பயப்படாதீங்க. உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கும் முறை இது. வயிற்றைக் கீறும் முன்பே ஆன்டிபயாடிக் ஊசியும் போடணும். சர்க்கரை, ரத்தசோகை, உடல் பருமன் இருந்தால் ஆபத்து கூடுதல் என்பதால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்க.

தொற்று பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைகாட்டும். அறுவை சிகிச்சைக்கு அப்புறம் 30 நாள் வரை கவனம் வேணும். தினமும் ஒரே வெளிச்சத்தில் தையலைப் போட்டோ எடுத்து வைங்க. அடிவயிற்று மடிப்புக்குக் கீழே இருக்கிற தையல் தாய்க்கே சரியா தெரியாது, கூட இருக்கிறவங்கதான் பார்க்கணும். நேற்றைவிட இன்னைக்குச் சிவப்பு பரவியிருக்கா, வீக்கமா, நீரோ சீழோ கசியுதா என்று ஒப்பிடலாம். மஞ்சள், விளக்கெண்ணெய், பவுடர் எதுவும் தடவ வேண்டாம். சுத்தமா, ஈரம் இல்லாம இருந்தா போதும். நம்ம வெயிலுக்கு வேர்வை தேங்கும், பருத்தித் துணியே நல்லது. வீட்டில் தீப்பெட்டி ஒட்டுறவங்க, காகிதக் குழாய் உருட்டுறவங்க சோப்பு போட்டுக் கை கழுவாம தையலைத் தொடாதீங்க.

காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, நாற்றமுள்ள உதிரப்போக்கு வந்தால் தையல் வெளியே நல்லா தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். அது கர்ப்பப்பைத் தொற்றாக இருக்கலாம். "பால் கட்டினதால வந்த காய்ச்சல்"னு வீட்டில் முடிவு பண்ணாதீங்க. சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் சிசேரியன், மருந்து, பரிசோதனை, உணவு எல்லாமே இலவசம். போகும்போது டிஸ்சார்ஜ் அட்டையையும் அந்தப் போட்டோக்களையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.