வானொலியும் சங்க அங்கத்தினரும்

வானொலி சங்கீதத்திற்கு மாத்திரம் ஏற்பட்ட கருவியன்று. எழுத்தறியாதாரும் செவியால் கற்கக்கூடிய பாடசாலையாகும். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டிலும், திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல், திருச்சி நிலையத்தின் வாயிலாகத் தஞ்சை ஜில்லாவில் பரவி, "ரேடியோ நெல்" என்றே பெயர் பெற்றது.

ஆயினும், கேட்பது மாத்திரம் போதாது. 1956-இல் பூனா நிலையம் ஏறக்குறைய 150 கிராமங்களில் ஒரு பரீட்சை நடத்திற்று. ஊர்தோறும் சுமார் 20 பேர் வாரம் இருமுறை கூடி, அரைமணி நேர நிகழ்ச்சியைக் கேட்டனர். உடனே கலந்து பேசினர். ஐயங்களை நிலையத்திற்கு எழுதி விடை பெற்றனர். வானொலிப் பெட்டி மாத்திரம் இருந்த ஊர்களைவிட இவ்வூர்களில் அறிவு மிகுதியும் வளர்ந்தது என்று ஆராய்ச்சியில் தெரிந்தது.

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை போன்ற ஊர்களுக்கு இம்முறை மிகவும் அவசியமாகும். ஆற்றுப்பாசன நெல்லுக்குக் கூறும் உரக்கணக்கு, மழையை நம்பி மலைச்சரிவில் விளையும் சாமைக்கும் தினைக்கும் பொருந்தாது. அதை அப்படியே பின்பற்றினால் கடனே மிஞ்சும். கேள்வி கேளாத ஊருக்கு அயலூர்ப் பாடமே வந்து சேரும்.

ஆகையால் அங்கத்தினர் செய்யத்தக்கவை மூன்று:

1. குறித்த நாளில் ஓரிடத்தில் கூடிக் கேட்டல்.

2. கேட்டது தம் நிலத்திற்கு ஏற்குமா என்று, பெண்டிரையும் முதியோரையும் சேர்த்துக்கொண்டு ஆராய்தல்.

3. ஐயத்தைக் காரியதரிசி மூலம் நிலையத்திற்கு எழுதுதலும், விடையை முதலில் சிறு பாத்தியில் சோதித்தலும்.