நிறுத்துவது குற்றமா?
(மின்சார ஓவனும் வீட்டின் இரு காவலர்களும்)

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி

வீட்டில் ஒரு மின்கருவியைப் போட்டவுடன் விளக்குகளெல்லாம் அணைந்துவிட்டால், நம் கோபம் முதலில் பாய்வது சுவரிலுள்ள மின்பெட்டியின் மீதுதான். “இந்தப் பெட்டியே சரியில்லை” என்கிறோம். பெட்டிக்குள் இருக்கும் சிறு விசை தன் கடமையைச் செய்திருக்கிறது என்று எண்ணுபவர் சிலரே. எங்கள் ஊரில் முன்பெல்லாம் பீங்கான் பியூஸ் கட்டையில் இழை உருகிப் போனால், “இனி இது போகவே கூடாது” என்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைப்பார்கள். பிறகு பியூஸ் போகாதுதான். ஆனால் சுவருக்குள் ஓடும் கம்பி தீய்ந்து போகும். இன்று பியூஸ் கட்டையின் இடத்திற்குப் புதிய கருவிகள் வந்துவிட்டன. நம் மனப்போக்கு மட்டும் செம்புக் கம்பியிலேயே நிற்கிறது.

‘ஓவனைப் போட்டால் கரண்டு நின்றுவிடுகிறது’ என்பது இப்போது பல வீடுகளில் கேட்கும் குறை. வகுப்பில் நாம் படித்த ஓமின் விதியையும் ஜூலின் விதியையும் துணையாகக் கொண்டு, இக்குறையின் காரணத்தை எவ்வாறு கண்டறிவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஓவனின் உள்ளே

கேக்கும் பிஸ்கட்டும் சுடும் சிறிய ஓவனில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வெப்பக் குழாய்கள் இருக்கும். குழாயின் நடுவில் இருப்பது நிக்ரோம் கம்பிச் சுருள். நிக்கலும் குரோமியமும் கலந்த இந்த உலோகக் கலவைக்கு ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். செக்கச் சிவக்கக் காய்ந்தாலும் காற்றில் எளிதில் அரித்துப் போகாமை இதன் சிறப்பு.

கம்பிச் சுருளைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கி நிரப்பப்பட்டிருக்கும். அதற்கு வெளியே உலோக உறை. இத்தூள் வெப்பத்தை நன்கு கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. நமக்கு வேண்டியதும் அதுவே. ஆயினும் இதற்கு ஒரு குறை உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை இது உறிஞ்சிக்கொள்ளும். ஆகவேதான் குழாயின் இரு முனைகளையும் அடைப்புப் பூசி மூடுகிறார்கள். அந்த அடைப்பு உதிர்ந்தால் ஈரம் உள்ளே புகும்; ஈரம் புகுந்தால் மின்காப்பு குறையும்; கம்பியில் ஓடவேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி உலோக உறைக்குக் கசியும்.

1600 வாட் ஓவன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரு குழாய்களும் தலைக்கு 800 வாட். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். எனவே இரண்டும் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டம் 1600 ÷ 230, அதாவது சுமார் 7 ஆம்பியர். குழாய் ஒவ்வொன்றின் மின்தடை சுமார் 66 ஓம்.

இரு காவலர்கள்

வீட்டு மின்பெட்டியில் இரு வகைக் காவலர்கள் உள்ளனர். இருவரையும் ஒருவராகக் கருதுவதே குழப்பத்தின் தொடக்கம்.

முதற் காவலர் எம்.சி.பி. இதனை ஜெர்மனியில் ஹியூகோ ஸ்டோட்ஸ் நிறுவனத்தார் 1924ஆம் ஆண்டில் உருவாக்கினர். இதனுள் இரண்டு அமைப்புகள் உண்டு. அளவுக்கு மேல் மின்னோட்டம் நெடுநேரம் ஓடினால், ஈருலோகத் தகடு சூடாகி வளைந்து சுற்றைத் துண்டிக்கும். இரு கம்பிகள் நேராக ஒட்டிக்கொண்டு பெருமின்னோட்டம் பாய்ந்தால், மின்காந்தச் சுருள் இமைப்பொழுதில் இழுத்துத் துண்டிக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி. 17 ஆம்பியருக்கே விழுந்துவிடும் என்று எண்ணவேண்டாம். சுமார் 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் தாங்கும். சுமார் 23 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்திற்குள் விழுந்தாக வேண்டும். அது காப்பது கம்பியை, மனிதனை அன்று.

இரண்டாம் காவலர் ஆர்.சி.சி.பி. எங்கள் பக்கத்து வயரிங்காரர்கள் பழைய வழக்கப்படி இதனை இ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள். இதில் ‘டி’ என்ற எழுத்துடன் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதைக் கொண்டே அடையாளம் காணலாம். பேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் ஒரே காந்த வளையத்தின் வழியே செல்கின்றன. போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்தால் இரண்டின் காந்தப் புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வழியில் சிறிது கசிந்து பூமிக்குப் போனாலோ கணக்கு இடிக்கும். மிஞ்சிய புலம் வளையத்திலுள்ள சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டி விசையை விடுவிக்கும். வீடுகளில் பொருத்துவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் அளவுடையது. அந்த அளவு கசிந்தால் 0.3 நொடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது விதி. இது காப்பது மனிதனை.

கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

முதற் கேள்வி: எது விழுந்தது? எம்.சி.பி. விழுந்திருந்தால் சுமையையும் கம்பி ஒட்டுதலையும் ஆராயவேண்டும். ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தால் கசிவை ஆராயவேண்டும்.

இரண்டாம் கேள்வி: எப்போது விழுந்தது? போட்ட கணமே எம்.சி.பி. விழுந்தால் உள்ளே கம்பிகள் ஒட்டியிருக்கக்கூடும். அரைமணி கழித்து விழுந்தால் சுமை மிகுதியாக இருக்கலாம். 7 ஆம்பியர் ஓவனும், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும், 2000 வாட் வெந்நீர்க் கருவியும் ஒரே சுற்றில் இருந்தால் மொத்தம் சுமார் 24 ஆம்பியர். 16 ஆம்பியர் காவலர் இதை எவ்வளவு நேரம் பொறுப்பார்? இன்னொரு காரணமும் உண்டு. எம்.சி.பி.யின் திருகு தளர்ந்திருந்தால் அந்த இடமே சூடாகும். இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாற்கூட, 7 ஆம்பியரில் சுமார் 5 வாட் வெப்பம் அங்கே பிறக்கும். அவ்வெப்பம் ஈருலோகத் தகட்டை ஏமாற்றி, அளவான சுமையிலேயே விழச் செய்யும். இனி ஆர்.சி.சி.பி.யின் நிலையைப் பார்ப்போம். குளிர்ந்த ஓவனைப் போட்டவுடன் அது விழுந்தால் ஈரத்தின் மீது ஐயம் கொள்ளலாம். நன்கு காய்ந்த பின் விழுந்தால், வெப்பத்தில் விரிந்த குழாயில் விரிசல் இருக்கக்கூடும்.

மூன்றாம் கேள்வி: எதை நீக்கினால் சரியாகிறது? இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். சுவரிலுள்ள சுவிட்ச் பேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் எப்போதும் தொடர்பிலேயே இருக்கிறது. ஓவனுக்குள் நியூட்ரல் கம்பி உலோக உடலைத் தொட்டிருந்தால், ஓவனின் சுவிட்சை அணைத்திருந்தாலும், மின்விசிறியும் விளக்கும் திருப்பி அனுப்பும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி ஓவன் வழியே பூமிக்குப் போகும், ஆர்.சி.சி.பி. விழும். “அணைத்து வைத்த ஓவன் எப்படிக் காரணமாகும்?” என்று திகைக்கவேண்டாம். சோதனையின்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கவேண்டும்.

சித்தி வீட்டு ஓவன்

என் சித்தி மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் பெற்று ஓர் ஓவன் வாங்கி, பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் கேக் செய்து கொடுக்கிறார். மாதத் தவணை அந்த வருமானத்திலிருந்துதான் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை குறைவாக இருந்ததால் ஓவன் சமையலறைத் தரையில் ஒரு மூலையில் கிடந்தது. டிசம்பரில் ஆர்டர்கள் வந்ததும் எடுத்து வைத்தால், போட்ட கணமே வீடு முழுவதும் இருண்டது. “பாப்பா, நீ படிக்கிற படிப்பு இதுக்கு உதவுமா, பாரேன்” என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவள் நான் ஒருத்தியே. அந்தக் கேள்வியை நான் வினாத்தாளில் வரும் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்டோம். விழுந்தது பொத்தான் உள்ள ஆர்.சி.சி.பி. எனவே சுமை காரணமன்று, கசிவே காரணம். குளிர்பெட்டி முதலிய மற்றக் கருவிகளின் பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு ஓவனை மட்டும் போட்டோம், அப்போதும் விழுந்தது. எனவே பல கருவிகளின் சிறுசிறு கசிவுகள் சேர்ந்து வந்த வினையும் அன்று. அதே பிளக் பாயிண்டில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டோம், விழவில்லை. எனவே குறை ஓவனுக்குள்தான்.

ஓவனின் முகப்பில் ‘மேல்’, ‘கீழ்’, ‘இரண்டும்’ எனத் திருப்பும் குமிழ் ஒன்று உண்டு. ‘மேல்’ என வைத்தால் ஓடியது. ‘கீழ்’ என வைத்தவுடன் விழுந்தது. ஒரு திருகைக் கூடக் கழற்றாமல் குற்றம் கீழ்க்குழாயில் என்று தெரிந்துவிட்டது.

குறுக்கு வழியின் கணக்கு

இதற்கிடையில் தெருவில் வேலைக்கு வந்திருந்த வயரிங்கார அண்ணன் ஒரு வழி சொன்னார். “அக்கா, அந்த இ.எல்.சி.பி.யை நேராச் சேர்த்துவிட்டு, பிளக்கில் எர்த் பின்னையும் எடுத்துட்டா ஓவன் நல்லா ஓடும். பண்டிகை முடிஞ்சதும் பாத்துக்கலாம்.” அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை, சித்தியின் ஆர்டர் கெடக்கூடாது என்றுதான் சொன்னார். ஓவன் ஓடும் என்பதும் உண்மை. சித்தியும் பாதி மனத்தோடு இசைந்துவிட்டார். “ரெண்டு நாள் பொறுங்க சித்தி” என்று சொல்லி, ஓவனை எங்கள் துறைக்குக் கொண்டுவந்தேன்.

விரிவுரையாளரின் மேற்பார்வையில், இணைப்புகளைக் கழற்றி 500 வோல்ட் மெக்கர் கொண்டு இரு குழாய்களின் மின்காப்பையும் அளந்தோம். மேற்குழாய் 100 மெகா ஓமுக்கு மேல் காட்டியது. கீழ்க்குழாய் காட்டியது ஏறத்தாழ 5000 ஓம். 230 வோல்ட்டை 5000 ஓமால் வகுத்தால் 46 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியர் காவலர் விழுந்ததில் வியப்பென்ன?

இப்போது குறுக்கு வழியின் கணக்கைப் பார்ப்போம். எர்த் இல்லை, காவலர் இல்லை. சித்தி வெறுங்காலோடு, கழுவிய ஈரத் தரையில் நின்று ஓவனின் கைப்பிடியைத் தொடுகிறார் என்று கொள்வோம். ஈரமான உடலின் தடையை 1000 ஓம் என எடுத்துக்கொண்டால் மொத்தத் தடை 6000 ஓம். மின்னோட்டம் 38 மில்லி ஆம்பியர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், மின்சாரம் தாக்கிய கை தானாகவே பிடியை விடக்கூடிய அளவை ஆராய்ந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் தசை இறுகிக் கை விடாது. இதே பேராசிரியர்தான் 1961ஆம் ஆண்டில், அமெரிக்க வீடுகளுக்கான கசிவுத் துண்டிப்பானை உருவாக்கினார். சித்தியின் உடலில் பாயக்கூடியதோ அந்தச் சராசரியைப் போல் மூன்று மடங்கிற்கும் மேல்!

இக்கணக்கை நோட்டில் எழுதிக் காட்டினேன். சித்திக்கு ஓமும் ஆம்பியரும் புரிந்திருக்காது. ஆனால் 38 என்ற எண்ணையும் 10.5 என்ற எண்ணையும் அருகருகே பார்த்தார். “அப்போ அது என்னைக் காப்பாத்தத்தான் நின்னுச்சா?” என்றார். வயரிங்கார அண்ணனும் அந்த நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, எர்த் பின்னை எடுக்கும் பேச்சை அத்துடன் விட்டுவிட்டார்.

கீழ்க்குழாயை இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி அளந்தபோது மின்காப்பு 3 மெகா ஓமாக உயர்ந்திருந்தது. காரணம் ஈரந்தான் என்பது இதனால் உறுதியாயிற்று. எனினும் ஒரு முனையில் அடைப்பு உதிர்ந்திருந்ததால் அடுத்த மழையில் பழைய கதை திரும்பும். எனவே அதே வாட் அளவுள்ள புதிய குழாயை வாங்கி, பழுதுபார்க்கும் கடையில் மாற்றினோம். அதுவரை வந்த ஆர்டர்களைச் சித்தி குக்கரில் மணல் பரப்பிச் சுட்டுக் கொடுத்தார்.

நினைவில் கொள்ள வேண்டியவை

சாதாரண மல்டிமீட்டர் சிறு பேட்டரியின் மின்னழுத்தத்திலேயே அளக்கிறது. அது ‘குறையில்லை’ என்று காட்டினாலும், 230 வோல்ட்டில் கசிவு தோன்றக்கூடும். இறுதித் தீர்ப்பை மெக்கரிடமே கேட்கவேண்டும்.

ஓவனை 16 ஆம்பியர் பிளக் பாயிண்டில் மட்டுமே இணைக்கவேண்டும். சிறிய பாயிண்டில் மாற்றுப் பிளக் வைத்து ஓட்டுவது, இணைப்பைச் சூடாக்கித் தீயை வரவேற்பதாகும். மழைக்காலத்தில் ஓவனைத் தரையில் வைக்காமல் உயரமான, உலர்ந்த இடத்தில் வைத்து, இடையிடையே சிறிது நேரம் சூடேற்றி வருவது நல்லது. ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்கவேண்டும். விழாத காவலர் இருந்தும் பயனில்லை. ஓவனைத் திறந்து பார்ப்பது பயிற்சி பெற்றவர் செய்யவேண்டிய வேலை. பிளக்கைப் பிடுங்காமல் யாரும் அதில் கை வைக்கலாகாது.

விழுந்த விசையை மீண்டும் மீண்டும் தூக்கிவிடுவதும், அதைக் கழற்றி எறிவதும், செய்தி கொண்டு வந்தவனின் வாயை அடைப்பதற்கு ஒப்பாகும். அது என்ன சொல்கிறது என்று கேட்பதற்குப் பள்ளியில் படித்த ஓம் விதியே போதும். நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது நம் வீட்டு மின்பெட்டியைத் திறந்து, அந்தப் பொத்தான் உள்ள கருவி இருக்கிறதா, எர்த் கம்பி இணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்போமாக. இல்லையெனில், ஏன் வேண்டும் என்பதைப் பெரியவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவோமாக.