தீர்வை வேறுபாடும் இருநாட்டு வாணிபமும்: இந்திய–இலங்கை அனுபவம்

இரு நாடுகளுக்கிடையே நடைபெறும் சரக்கு வாணிபத்தை ஆராய்வோர் பெரும்பாலும் வாணிபப் பற்றாக்குறையையே முதலில் எடுத்துக்கொள்கின்றனர். எந்த நாடு எவ்வளவு விற்றது, எவ்வளவு வாங்கியது, மிச்சம் யாருக்கு என்னும் கணக்கு எளிதில் விளங்கக்கூடியது. மேடைகளிலும் பத்திரிகைகளிலும் அது செல்வாக்குப் பெற்றதற்கு அதுவே காரணம். ஆயினும், எல்லையைக் கடந்த சரக்கு எதனால் கடந்தது என்ற வினாவிற்கு அக்கணக்கில் விடை கிடைப்பதில்லை. ஒரு பொருள் ஒரு நாட்டில் மலிவாக உற்பத்தியாவதால் மறு நாட்டுக்குச் செல்லலாம். அவ்வாறு மலிவாக உற்பத்தியாகாவிடினும், இரு நாட்டு வரிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை நம்பி மட்டுமே அது பயணம் செய்யலாம். புள்ளிவிவர அட்டவணையில் இவ்விரண்டும் ஒரே எண்ணாகவே இடம்பெறும். இந்திய–இலங்கை வாணிபத்தின் கடந்த கால் நூற்றாண்டு வரலாற்றை இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு நோக்குதல் பயனுடையது.

இந்நிலை வளரும் நாடுகளுக்கே உரியதன்று. பால்டிக் கடலோரத்திலுள்ள எஸ்டோனியாவும் லாட்வியாவும் மிகச் சிறிய நாடுகள்; இரண்டின் மக்கள்தொகையையும் கூட்டினாலும் 35 லட்சத்தை எட்டாது. 2004 மே 1 அன்று இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. அன்று முதல் அவற்றுக்கிடையே சுங்கத் தீர்வை இல்லை. எனினும் மதுவின் மீதான கலால் வரியை ஒவ்வொரு நாடும் தானே விதித்துக்கொள்கிறது. 2017இல் எஸ்டோனியா அவ்வரியைக் கணிசமாக உயர்த்தியபோது, அந்நாட்டு மக்கள் எல்லை கடந்து லாட்வியக் கடைகளில் மது வாங்கத் தொடங்கினர். எஸ்டோனிய ஆலைகளில் தயாரான சரக்கே லாட்வியாவுக்கு ஏற்றுமதியாகி, எஸ்டோனியர்களின் வாகனங்களில் திரும்பி வந்தது. ஏட்டளவில் அது ஏற்றுமதி வளர்ச்சி! 2019 ஜூலையில் எஸ்டோனியா கலால் வரியை 25 விழுக்காடு குறைத்தது. அடுத்த மாதமே லாட்வியாவும் சாராய வகைகளின் மீதான தன் வரியை 15 விழுக்காடு குறைத்தது. வாணிபத்தைத் தோற்றுவித்தது வரியே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1998ஆம் ஆண்டு உடன்பாடு

இந்தியாவும் இலங்கையும் தடையற்ற வாணிப உடன்பாட்டில் 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்திட்டன. அது 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இரு நாடுகளின் அளவிலும் உள்ள பெரும் வேறுபாட்டைக் கருதி உடன்பாடு சமமற்றதாகவே வகுக்கப்பட்டது. அஃது அதன் சிறப்புமாகும். இந்தியா 3 ஆண்டுகளிலும் இலங்கை 8 ஆண்டுகளிலும் தீர்வைகளை நீக்க வேண்டும். சலுகைக்கு உட்படாத பொருள்களின் பட்டியலில் இந்தியா 429 இனங்களையும் இலங்கை 1180 இனங்களையும் வைத்துக்கொண்டன. ஆனால் இலங்கை திறம்பட உற்பத்தி செய்த தேயிலைக்கும் ஆயத்த ஆடைக்கும் இந்தியா அளவுக் கட்டுப்பாடு விதித்தது. தேயிலை ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ. ஆடை 80 லட்சம் உருப்படிகள், அவற்றுள் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்தவையாக இருத்தல் வேண்டும். சரக்கு வந்திறங்கும் துறைமுகங்களும் வரையறுக்கப்பட்டன. இலங்கையின் உண்மையான வலிமை இருந்த இடத்தில் வாயில் குறுகியதாகவும், வலிமை இல்லாத இடங்களில் அகன்றதாகவும் அமைந்தது. பின்னர் நேர்ந்தவற்றுக்கு இது முக்கிய காரணமாகும். ஆடைக்கான நிபந்தனைகள் பிற்காலத்தில் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன.

எந்தப் பொருள் இலங்கைப் பொருள்? இதனை முடிவு செய்வன தோற்றுவாய் விதிகள். ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 விழுக்காடு மதிப்பு இலங்கையிலேயே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மூலப்பொருளும் முடிவுப்பொருளும் சுங்க அட்டவணையில் வெவ்வேறு நான்கிலக்கத் தலைப்புகளின் கீழ் வருதல் வேண்டும். இலங்கை ஆலை இந்திய மூலப்பொருளைப் பயன்படுத்துமாயின் விதி நெகிழ்கிறது: இலங்கையில் சேர்ந்த மதிப்பு 25 விழுக்காடும் இந்திய உள்ளீடு 10 விழுக்காடும் குறையாமல், கூட்டுத்தொகை 35 விழுக்காட்டை எட்டினால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கொழும்புப் புறநகரில் ஓர் ஆலை 1000 ரூபாய் விலையுள்ள மின்கருவி ஒன்றைத் தயாரிக்கிறது. மூன்றாம் நாட்டுப் பாகங்களின் மதிப்பு 700 ரூபாய். உள்நாட்டில் சேர்ந்தது 300 ரூபாய், அதாவது 30 விழுக்காடு. இதற்குச் சலுகை கிட்டாது. அந்த 700 ரூபாயில் 120 ரூபாய்க்கான பாகங்களைத் திருப்பதி மாவட்டத்து ஏர்பேட்டில் உள்ள ஒரு பட்டறையிலிருந்து வரவழைத்தால் நிலைமை மாறுகிறது. இலங்கைப் பங்கு 30, இந்தியப் பங்கு 12, மொத்தம் 42 விழுக்காடு. கருவி தீர்வையின்றிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கலாம். ஏர்பேட்டுப் பட்டறைக்கும் ஒரு சந்தை கிடைக்கிறது. உடன்பாட்டை வகுத்தோர் விரும்பிய வாணிபம் இத்தகையதே.

வனஸ்பதியும் செம்பும்

நடந்ததோ வேறு. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தியாவில் பாமாயிலின் மீதான தீர்வை மிக உயர்ந்திருந்தது. 2005 வாக்கில் கச்சாப் பாமாயிலுக்கு அது 80 விழுக்காடு. இலங்கையில் அத்தீர்வை மிகக் குறைவு. தென்கிழக்காசியாவிலிருந்து பாமாயிலைக் கொழும்புக்குக் கொண்டுவந்து, வனஸ்பதியாக மாற்றி, இந்தியாவுக்குத் தீர்வையின்றி அனுப்ப ஆலைகள் விரைந்து எழுந்தன. அவற்றில் பலவற்றின் முதலீடு இந்தியருடையது. பாமாயில் ஒரு தலைப்பிலும் ஹைட்ரஜன் ஏற்றப்பட்ட கொழுப்பு மற்றொரு தலைப்பிலும் வருவதால், தலைப்பு மாற்ற நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடும். செம்பின் கதையும் இதுவே. பழைய செம்பை இறக்குமதி செய்து உருக்கி, கம்பியாகவும் கட்டியாகவும் இந்தியாவுக்கு அனுப்பினர். செம்பு விலை குறைத்துக் காட்டப்படுகிறது என்ற ஐயத்தால், இந்தியத் தரப்பு லண்டன் உலோகச் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியது.

1999இல் இந்தியாவுக்கு இலங்கை செய்த ஏற்றுமதி ஏறக்குறைய 5 கோடி டாலர். 2005இல் அது 56 கோடி டாலர் அளவுக்கு உயர்ந்தது. பத்துக்கு ஒன்று என்றிருந்த இறக்குமதி–ஏற்றுமதி விகிதம் இரண்டரைக்கு ஒன்றாகச் சுருங்கியது. உடன்பாட்டின் வெற்றி என இது போற்றப்பட்டது. ஆனால் அந்த 56 கோடியில் ஏறக்குறையப் பாதி வனஸ்பதியும் செம்பும். இந்திய வனஸ்பதி ஆலைகளின் முறையீட்டைத் தொடர்ந்து 2006இல் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அதன்பின், உள்நாட்டு விலைவாசியைக் கட்டுப்படுத்துவதற்காக இந்தியா பாமாயில் தீர்வையைக் குறைத்துக்கொண்டே வந்து, 2008 ஏப்ரலில் கச்சா எண்ணெய் வகைகளுக்கு முற்றிலும் நீக்கியது. தீர்வை இடைவெளி மறைந்ததும் இலங்கை வனஸ்பதி ஆலைகள் மூடப்பட்டன. உச்சவரம்பு சாதிக்காததை ஒரு தீர்வை அறிவிப்பு சாதித்தது. அந்த அறிவிப்பில் இலங்கையின் பெயர்கூட இடம்பெறவில்லை. ஆலையை நம்பியிருந்த தொழிலாளிக்கு, தன் வேலை மற்றொரு நாட்டின் நிதிநிலை முடிவைச் சார்ந்திருந்தது என்பது அன்றுதான் தெரிந்திருக்கும்.

2022இல் இந்தியாவிலிருந்து இலங்கை செய்த இறக்குமதி 470 கோடி டாலரையும், அதன் ஏற்றுமதி 86 கோடி டாலரையும் ஒட்டி அமைந்தன. இதனைக் கொண்டு உடன்பாடு இலங்கைக்குத் தீங்கிழைத்தது என வாதிடுவோர் உளர். அவ்வாதம் நிற்காது. இந்தியாவிலிருந்து செல்லும் பெட்ரோலியப் பொருள்கள், மருந்து, வாகனம், சர்க்கரை போன்றவற்றுள் மிகச் சிறு பகுதியே உடன்பாட்டுச் சலுகையைப் பெறுகிறது. மற்றவை எப்படியும் சென்றிருக்கும். மாறாக, இலங்கையின் ஏற்றுமதியில் பெரும்பகுதி அச்சலுகையைப் பெறுகிறது. மேலும், 2022ஆம் ஆண்டு இயல்பான ஆண்டன்று. செலாவணி வற்றிய நிலையில், உணவும் மருந்தும் எரிபொருளும் இந்தியா அளித்த கடன் வசதியில் வாங்கப்பட்ட ஆண்டு அது.

எண்களை ஒப்பிடும் மாணவர் மேலும் இரண்டினை நினைவிற்கொள்ள வேண்டும். இந்தியப் புள்ளிவிவரம் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலானது; இலங்கையினது ஜனவரி முதல் டிசம்பர் வரையிலானது. ஏற்றுமதி கப்பலில் ஏற்றும் வரையுள்ள விலையிலும், இறக்குமதி கப்பற்கூலியும் காப்புறுதியும் சேர்ந்த விலையிலும் பதிவாகின்றன. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு சென்று வேறு கப்பலுக்கு மாற்றப்படும் பெட்டகங்களும் சில வேளைகளில் குழப்பத்தை விளைவிக்கின்றன. இரு தலைநகரங்களின் அட்டவணைகள் ஒத்துப்போகாமைக்கு இவையெல்லாம் காரணமாகும். அதில் சூழ்ச்சி ஏதும் காண வேண்டியதில்லை.

மிளகு

வனஸ்பதி முடிந்த கதையாயினும் மிளகு முடியவில்லை. உடன்பாட்டின்கீழ் ஆண்டுக்கு 2500 டன் இலங்கை மிளகு தீர்வையின்றி வரலாம். அதற்கு மேற்பட்டதற்குத் தெற்காசிய உடன்பாட்டின்படி தீர்வை 8 விழுக்காடு. வியட்நாம் மிளகுக்கோ தென்கிழக்காசிய உடன்பாட்டின்படி ஏறக்குறைய 50 விழுக்காடு. ஆகவே வியட்நாம் மிளகு இலங்கைச் சாக்கில் வருகிறது என்ற குற்றச்சாட்டு குடகு, வயநாடு, இடுக்கிப் பகுதி விவசாயிகளிடையே எழுந்தது. 2017 டிசம்பரில் இந்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது. இதனால், மாத்தளையில் தன் தோட்டத்தில் மிளகு பறித்த சிறு விவசாயியும் தடுக்கப்பட்டார். வழிமாற்றிய வணிகனையும் விளைவித்த உழவனையும் ஒரே விலைவரம்பு பிரித்தறிய இயலாது என்பதே இத்தகைய நடவடிக்கையின் குறைபாடு.

சரக்கின் தோற்றுவாயைச் சரிபார்ப்பதே நேரிய வழியாகும். அதற்கு உழைப்பு மிகுதியாகத் தேவை. முன்பு ஏற்றுமதி நாட்டின் சான்றிதழ் இருந்தால் பெரும்பாலும் போதும் என்ற நிலை இருந்தது. இலங்கையில் அதனை வணிகத் திணைக்களமும், இந்தியாவில் ஏற்றுமதி ஆய்வு மன்றமும் வழங்குகின்றன. 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியச் சுங்க விதிகள், சரக்கு எங்ஙனம் தயாரானது, மதிப்பு எங்குச் சேர்ந்தது என்னும் விவரங்களை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும் எனக் கோருகின்றன. ஐயம் எழுமாயின் ஏற்றுமதி நாட்டு அலுவலகத்திடம் கேட்டறியலாம். விதி நன்று. ஆயினும் ஒரு சிறு இறக்குமதியாளர் மாத்தளைத் தோட்டத்தின் அறுவடைக் கணக்கை எவ்வாறு பெறுவார் என்பதும் எண்ணத்தக்கது.

உடன்பாட்டை விரிவுபடுத்தும் முயற்சி நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. விரிவான பொருளாதாரக் கூட்டு உடன்பாடு ஒன்று 2008இல் ஆயத்தமாகியும் கையெழுத்தாகவில்லை. 2016இல் தொடங்கிய மற்றொரு பேச்சுவார்த்தை 2018இல் நின்று, 2023இல் மீண்டும் தொடங்கி, 2024 ஜூலையில் 14ஆம் சுற்றை எட்டியது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனித் தோற்றுவாய் விதி வேண்டுமா, ஆடைக்கும் தேயிலைக்கும் வாயில் எவ்வளவு அகல வேண்டும் என்பனவே பற்றாக்குறைத் தொகையைவிட அங்கு முன்னிற்க வேண்டிய வினாக்கள். மிளகைப் பொறுத்தவரை, இந்தியத் தீர்வை வியட்நாமுக்கும் இலங்கைக்கும் இவ்வளவு வேறுபட்டிருக்கும் வரையில், எந்த விதி எழுதப்பட்டாலும் சாக்குகளின் மீது ஐயம் எழுந்துகொண்டேயிருக்கும்.