விளிம்பின் விலை

பழம் பொருள் சேர்ப்போர் முதலில் மதிக்கவேண்டியது விளிம்பையே. 1859இல் இலங்கையில் வெளியான நான்கு பென்ஸ் மங்கிய ரோசா நிற முத்திரையை நோக்குவோம். அதன் சித்திரம் எண்கோணம். தாளில் துளைவரிசை இன்மையால் கத்தரித்தே பிரித்தனர். சிலர் அழகெனக் கருதி எண்கோணமாகவே வெட்டிவிட்டனர். நாற்புறமும் வெள்ளோரம் நிறைந்த முத்திரைக்குப் பெருவிலை. ஓரம் இழந்ததற்கு அதில் சிறு பங்கே.

அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை சிகரெட்டுப் பெட்டிகளில் வந்த பேஸ்போல் வீரர் படங்களுக்கும் இவ்விதியே. ஓனஸ் வாக்னரின் படமொன்று 2022இல் 72.5 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. மழுங்கிய மூலையைப் புதிதாக்க ஓரம் சீவினாலோ மதிப்புக் குன்றும்.

மட்டக்குளி மாணவர் ஒருவர் பாட்டனாரின் கடித முத்திரைகளை ஓரம் வெட்டி, பசையிட்டு ஒட்டி, மகிழ்வோடு எம்மிடம் காட்டினார். கடிந்துகொள்ள மனம் வரவில்லை. முன்னரே கற்பியாதது எம் குற்றமன்றோ? ஆகவே இங்கு எழுதுகின்றோம்: பழைய கடிதக்கட்டு கிடைப்பின், கத்தரியை எடாதீர், உறையோடு காப்பீர்.