தூதும் ஓலையும் மின்மடலும்: தமிழ்ச் செய்திப் பரிமாற்ற மரபில் மெய்யுறுதி

ஆய்வுச் சுருக்கம்

செய்திப் பரிமாற்றத்தின் வரலாறு பெரும்பாலும் விரைவின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. அனுப்பியவர் யார், பெறுபவர் யார், இடையில் சொல் மாறியதா என்னும் மெய்யுறுதிச் சிக்கலைப் பண்டைத் தமிழ் மரபு எவ்வாறு எதிர்கொண்டது என்பதைச் சிலப்பதிகாரம், திருக்குறள் உரை, சோழர் செப்பேடுகள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தந்தி, கணினிவழிப் பரிமாற்றம் ஆகியவற்றில் அச்சிக்கல் கொண்ட வடிவங்களையும் அதனோடு ஒப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: தூது, முடங்கல், திருமுகம், திருவாய்க்கேள்வி, தந்தி, ஒருங்குறி, மெய்யுறுதி.

முன்னுரை

முரசு, தூது, ஓலை, அஞ்சல், தந்தி, தொலைபேசி, மின்மடல் என வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் முந்தியதைவிட விரைவானது என்று காட்டுவது தகவல் தொடர்பு பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. இவ்வரிசை தவறன்று, ஆனால் அது ஒரே அளவுகோலால் அளக்கிறது. விரைவு என்னும் கோலால் அளந்தால் ஓலை தோற்றே தீரும். ஒரு செய்தி கைமாறும்போது அதன் உண்மைக்கு யார் பொறுப்பேற்கிறார் என்னும் கோலால் அளந்தால் முடிவு வேறாகிறது. பழையதைப் போற்றிப் புதியதைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரண்டாம் கோலுக்குரிய சான்றுகள் தமிழில் செறிவாகக் கிடைத்தும் அவை இவ்வகையில் போதிய அளவு நோக்கப்படவில்லை என்பதே இதனை எழுதத் தூண்டியது.

சிலப்பதிகாரத்தில் மூன்று செய்திகள்

மாதவி கோவலனுக்கு இருமுறை முடங்கல் விடுக்கிறாள். வேனிற்காதையில் தாழை மடலில் எழுதிய முதல் முடங்கலை வசந்தமாலை கொண்டு செல்கிறாள். கோவலன் வாங்க மறுக்கிறான். செய்தி சென்றடைந்தது, ஆனால் ஏற்கப்படவில்லை. புறஞ்சேரி இறுத்த காதையில் வரும் இரண்டாம் முடங்கலே நம் ஆய்வுக்கு உரியது.

அதனைக் கொண்டுவரும் கோசிகன் மதுரை செல்லும் வழியில் கோவலனைக் காண்கிறான். துயரால் உருமாறியிருந்த அவனை இன்னான் எனத் துணியக் கோசிகனால் இயலவில்லை. நேரே பெயரைக் கேட்கவும் இல்லை. அருகில் வாடி நின்ற மாதவிக் கொடியை விளித்து, கோவலன் பிரிவால் வருந்தும் மாதவியைப் போல நீயும் வாடினாய் போலும் என்று பேசுகிறான். அச்சொல் கேட்டு எதிரில் இருப்பவன் வினவும்போது பெறுநன் யார் என்பது உறுதிப்படுகிறது. பெறுநரைச் சோதித்தறியும் கடமை இங்குத் தூதுவனிடம் இருக்கிறது. உரியவன் அல்லாதவனுக்கு அச்சொல் ஒரு கொடியை நோக்கிய புலம்பலாக மட்டுமே தோன்றியிருக்கும், கமுக்கம் வெளிப்பட்டிராது.

அடுத்து அனுப்புநரை உறுதிசெய்யும் நிலை. முடங்கலின் மேலிட்ட மண்பொறியில் மாதவியின் கூந்தலால் ஒற்றிய அடையாளம் இருக்கிறது. அதில் தங்கிய நெய்யின் மணம், உடனிருந்த காலத்தைக் கோவலனுக்கு உணர்த்துகிறது. எழுத்தைப் படிக்கும் முன்பே அனுப்பியவர் யார் என்பதை அவன் அறிகிறான். பிறர் எளிதில் போலி செய்ய முடியாததும், பெறுநன் ஒருவனே அறியக்கூடியதும் ஆன அடையாளம் அது. உரையாசிரியர்கள் இதனைக் காதற்குறிப்பாக விளக்குவர். அது பொருத்தமே. எனினும் இலச்சினையின் தொழிலை இவ்வளவு நுட்பமாகக் காட்டும் இடம் தமிழில் அரிது என்பதால், காதற்சுவையோடு நிறுத்திவிடுவது அவ்விடத்துக்கு நியாயம் செய்வதாகாது.

முடங்கலைப் படித்த கோவலன் அதனைத் திருப்பித் தருகிறான். மாதவி தன்னை நோக்கி எழுதிய பணிவுரை, தான் தன் பெற்றோரை நோக்கிச் சொல்லவேண்டியதற்கும் பொருந்துவதால், அதே முடங்கலைத் தன் இருமுது குரவரிடம் காட்டுமாறு கோசிகனை வேண்டுகிறான். எழுத்தில் ஓர் அசையும் மாறவில்லை. அனுப்புநரும் பெறுநரும் மாறிவிட்டனர், பொருளும் மாறிவிட்டது. இன்று நாள்தோறும் நிகழும் மறுஅனுப்பலின் இலக்கண வடிவம் இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இம்மாற்றத்தை உடனிருந்து அறிந்த கோசிகனே அதனைக் கொண்டு செல்கிறான். யாருடைய சொல் யாருடையதாக ஆனது என்பதைச் சொல்ல ஒரு வாய் உடன் போகிறது.

மூன்றாவது, கொலைக்களக் காதையில் பாண்டியன் ஊர்காப்பாளருக்கு இட்ட வாய்மொழி ஆணை. தேவியின் ஊடல் தணிக்கச் செல்லும் வழியில் பொற்கொல்லன் சொல்கேட்டு அரசன் அதனைப் பிறப்பிக்கிறான். ஆணையின் வடிவம் நிபந்தனை உடையது: தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் கொன்று கொணர்க என்பது. ‘கொல்ல’ என்று கருதியவன் வாய் ‘கொன்று’ எனத் தடுமாறியது என்று பொருள்கொள்வாரும் உளர். அதனை ஏற்றாலும் ஏலாவிடினும் பெரிய சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ‘ஆயின்’ என்னும் நிபந்தனையைச் சோதிக்கும் பொறுப்பு, சிலம்பைக் களவாடிய பொற்கொல்லனிடமே சென்று சேர்ந்தது. காவலருள் கோவலனின் தோற்றம் கண்டு ஐயுற்றவர் இருந்தனர். அந்த ஐயத்தை அரசனிடம் மீளக் கொண்டு செல்ல வழி இருக்கவில்லை. ஆணை எழுதப்படவில்லை, திருப்பிக் கேட்கப்படவில்லை, எவர் பெயரிலும் பதியப்படவில்லை. ஒரே காப்பியத்தில் மண்பொறி இட்ட காதல் முடங்கலும் பொறியற்ற கொலை ஆணையும் அருகருகே நிற்கின்றன.

பரிமேலழகரின் தரவரிசை

தொல்காப்பியம் பிரிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாக, ஓதல், பகை ஆகியவற்றோடு தூதினை எண்ணுகிறது. திருக்குறள் 69ஆம் அதிகாரத்தைத் தூதுக்கு ஒதுக்குகிறது. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர் தூதரைத் தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என இருவகைப்படுத்துகிறார். முன்னவனை அமைச்சனோடு ஒப்ப வைக்கிறார். பின்னவனை அவனினும் காற்கூறு குணம் குறைந்தவன் என்கிறார். வடநூலார் ஓலை கொடுத்து நிற்பானையும் சேர்த்துத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்துவதையும் சுட்டுகிறார்.

இவ்வரிசையில் கடைநிலை யாருக்கு என்பது கருதத்தக்கது. எழுதியதை ஓர் எழுத்தும் மாறாமல் சேர்ப்பிக்கும் ஓலை கொடுத்து நிற்பானே கடையன். பிழையின்மை ஒன்றே தகுதியானால் அவன் முதலிடம் பெற்றிருக்க வேண்டும். பெறுநரின் வினாவுக்கு விடை சொல்லவும், சூழலுக்கேற்பச் சொல்லை அமைக்கவும், விளைவைத் தாங்கவும் வல்லவனையே இம்மரபு உயர்த்துகிறது. இக்கால வலையமைப்பு முழுவதும், அதன் வியத்தகு திறன் அனைத்தோடும், ஓலை கொடுத்து நிற்பான் என்னும் வகையினுள் அடங்கும்.

சோழர் ஆணையின் பயணம்

இலக்கியம் காட்டும் இக்கருத்து ஆட்சிமுறையில் நிறுவன வடிவம் பெற்றதைச் சோழர் செப்பேடுகளில் காணலாம். பெரிய லெய்டன் செப்பேடுகள் எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகள், நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் அளித்த கொடையைக் கூறுவன. 21 ஏடுகளில் 5 வடமொழியிலும் 16 தமிழிலும் அமைந்தவை. வடமொழிப் பகுதி அரச மரபைப் புகழ்கிறது. தமிழ்ப் பகுதி ஓர் ஆணை நடந்து சென்ற வழியைப் பதிகிறது.

அரசன் வாய்மொழியாகச் சொல்வது திருவாய்க்கேள்வி. அதனைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுதுகிறான். திருமந்திர ஓலைநாயகம் எனப்படும் மேலதிகாரிகள் அதனை ஒப்பிட்டு உடன்படுகின்றனர். பின்னர் வரியிலிடுமாறு பணிக்கப்பட, புரவுவரித் திணைக்களத்தார், வரிப்பொத்தகம் உடையார், முகவெட்டி, பட்டோலை முதலியோர் முன்னிலையில் கணக்கில் ஏறுகிறது. ஒவ்வொரு நிலையிலும் பதவி மட்டுமன்று, அப்பதவியில் இருந்தவரின் ஊரும் பெயரும் எழுதப்படுகின்றன. படிப்பவருக்குச் சலிப்பூட்டும் பெயர்ப்பட்டியல் இது. இச்செப்பேடுகளை வரலாற்றுக்குப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் இதனைத் தாண்டிச் சென்றுவிடுவர். ஆயினும் ஆணை திரிந்திருப்பின் எந்தக் கையில் திரிந்தது என்பதைக் காட்டவல்லது இப்பட்டியலே.

திருமுகம் நாட்டாரைச் சேர்ந்ததும் பெறுநர் தரப்பின் கடமை தொடங்குகிறது. நாட்டார் எதிர்சென்று, தொழுது வாங்கித் தலைமேல் வைத்து, பிடிசூழ்ந்து பிடாகை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, அறையோலை செய்து கொடுக்கின்றனர். ஓலையில் எழுதிய எல்லை, பெண்யானையின் அடிச்சுவட்டால் நிலத்தின் மேல் மறுமுறை எழுதப்படுகிறது. அறையோலை வெறும் ஏற்புச் சீட்டன்று. பெற்றவர் செய்தியைப் புரிந்துகொண்டு நிறைவேற்றியதன் சான்று. தலைமேல் வைத்தலை அரச பத்தியின் வெளிப்பாடாக மட்டும் காண்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஊரறியப் பெற்றுக்கொண்டதை மறுக்க முடியாதபடி செய்யும் பொதுநிகழ்வாகவும் அதனைக் கொள்ள வேண்டும்.

படியெடுத்தலிலும் இவ்வொழுக்கம் தொடர்கிறது. கோயில்கள் புதுப்பிக்கப்பட்டபோது பழைய கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிவைத்துப் பின்னர் மீள வெட்டினர். திருமழபாடிக் கோயில் இதற்குத் தக்க சான்று. அவ்வாறு மீள வெட்டியவற்றில் ‘பழங்கற்படி’ என்னும் குறிப்பு இடம்பெறுவதுண்டு. படி என்பதைப் படி தானே அறிவித்துக்கொள்கிறது.

தந்தி: கையெழுத்து பயணம் செய்யாத காலம்

இந்தியாவில் மின்தந்தி 1855இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2013 சூலையில் அப்பணி நிறுத்தப்பட்டது. விரைவில் அது செய்த புரட்சி நன்கறிந்தது. மெய்யுறுதியில் அது உண்டாக்கிய வெற்றிடம் குறைவாகவே பேசப்படுகிறது. அனுப்புபவரின் கையெழுத்து அனுப்பும் நிலையத்திலேயே தங்கிவிட, பெறுபவர் கையில் கிடைத்தது வேறொரு பணியாளரின் எழுத்து. மண்பொறிக்கு அங்கு இடமே இல்லை. அரசு அலுவலகங்கள் தந்திக்குப் பின் அதன் படியை அஞ்சலில் அனுப்பி உறுதிசெய்த வழக்கம் இவ்வெற்றிடத்தை நிரப்பவே எழுந்தது. விரைவைத் தந்தியும் நம்பிக்கையைத் தாளும் பங்கிட்டுக்கொண்டன.

மொழியும் இழப்புக்கு உள்ளாயிற்று. உரோமன் எழுத்துக்கென அமைந்த குறிமுறையில் தமிழ்ச் செய்தி ஆங்கிலமாக வேண்டும் அல்லது உரோமன் எழுத்தில் ஒலிபெயர வேண்டும். ழகர, ளகர, லகர வேறுபாடுகள் கம்பியில் கரைந்தன. வாழ்த்துத் தந்திகளில் வாசகங்களுக்கு எண்கள் குறிக்கப்பட்டிருந்தன. எண் ஒன்று பிழைத்தால் வாழ்த்தே வேறாகிவிடும். சொல்லுக்குக் கட்டணம் என்னும் முறை செய்தியைச் சுருக்கியது. ‘உடனே வா’ என்னும் இரு சொல்லைப் பெற்ற குடும்பம் மீதியைத் தானே இட்டு நிரப்பி அழுதபடி புறப்பட்டது.

கணினிக்காலம்

கணினிவழிப் பரிமாற்றம் எழுத்தின் திரிபை ஏறத்தாழ ஒழித்துவிட்டது. ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு சரிபார்ப்பு எண் செல்கிறது. மாறுபட்டால் மீள அனுப்பப்படுகிறது. ஓலைநாயகம் செய்த ஒப்பீட்டை எந்திரம் நொடியின் சிறுகூறில் செய்கிறது. ஆனால் எழுத்து மாறாமை வேறு, எழுதியவர் உண்மை வேறு. பொய்ச் செய்தியும் பிழையின்றியே வந்து சேரும்.

தமிழுக்கு இடையில் ஒரு தனித்தொல்லையும் நேர்ந்தது. ஒருங்குறி பரவும் முன்பு, தகுதரம், 1999இல் தமிழக அரசு ஏற்ற தாம், தாப் எனக் குறிமுறைகள் பலவாக இருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் மடல் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. ஏட்டுச் சுவடியில் புள்ளி இடப்பெறாமையால் குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா எனப் படிப்பவர் துணிய வேண்டியிருந்ததை இது நினைவூட்டும். ஒருங்குறியிலும் சிக்கல் முற்றும் நீங்கவில்லை. ‘கொ’ என்பதனை ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டும் இயல்பாக்கம் செய்யாத கணினிக்கு வேறு வேறு. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றொன்று மறைந்திருக்கும்.

அனுப்புநரை உறுதிசெய்ய 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் எண்முறைக் கையொப்பத்திற்கு ஏற்பளித்தது. அது மாதவியின் மண்பொறிக்கு நிகரானது. ஆனால் அன்றாட உரையாடலில் அதற்கு இடமில்லை. வாட்சப்பில் மறுஅனுப்பப்பட்ட செய்திக்கு 2018இல் ஓர் அடையாளச் சொல் இடப்பட்டது. வதந்திகளால் கொலைகள் நிகழ்ந்ததையடுத்து, அவ்வாண்டு சூலையில் இந்தியாவில் ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பும் விதிக்கப்பட்டது. இஃது ஒருவகையில் ‘பழங்கற்படி’க் குறிப்பே. ஆனால் எத்தனை கை, எவர் கை என்பதை அது சொல்வதில்லை. பாண்டியன் ஆணைபோல, ஐயம் எழுந்தாலும் திருப்பிக் கேட்க முதல்வர் அகப்படுவதில்லை.

ஆய்வாளர் கையிலுள்ள படிகள்

இச்சிக்கல் நம் துறைக்கு வெளியே நிற்பதன்று. இன்று சங்க இலக்கிய அடியைத் தேடுவோர் முதலில் செல்வது மின்படிக்கே. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களின் முகப்பில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைத் தருகிறது. சோழர் ஏட்டின் பெயர்ப்பட்டியல் ஆற்றிய பணியை அம்முகப்பு ஆற்றுகிறது. ஆயின் அப்பாடம் பிற தளங்களுக்கும் தனியார் கோப்புகளுக்கும் படியெடுக்கப்படும்போது முதலில் வெட்டப்படுவது அம்முகப்புதான். உ.வே.சாமிநாதையரின் 1892ஆம் ஆண்டுச் சிலப்பதிகாரப் பதிப்பின் பாடமா, பிற்காலப் பதிப்பொன்றின் பாடமா, இரண்டையும் கலந்து எவரோ திருத்தியதா என்று அறிய வழியில்லாத அடிகள் ஆய்வேடுகளில் மேற்கோளாக ஏறுகின்றன. பதிப்பு, தட்டச்சு, மெய்ப்பு, எடுத்த நாள் ஆகிய நான்கையும் மேற்கோளோடு பதியும் கடப்பாட்டை ஆய்வேட்டு நெறிமுறைகளில் சேர்ப்பதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆனைமங்கலத்து எழுத்தர்களிடம் இருந்தவை எழுத்தாணியும் பெயரெழுதும் வழக்கமுமே.