இதழ் வரவு பதியப் போகும் இளையவர்களுக்கு

கோஹா நூலக மென்பொருள் சீக்கிரம் கைவந்துவிடும். அதில் சேரும் கணக்கை நம்பத்தகுந்ததாக வைத்திருப்பதில்தான் பருவ இதழ்ப் பிரிவின் வேலையே இருக்கிறது.

1. இதழ் வந்த அன்றே வரவு வையுங்கள். மேசையில் அடுக்கி வைத்து மாதக் கடைசியில் மொத்தமாகப் பதிந்தால், எல்லாம் ஒரே நாளில் வந்ததாகிவிடும். எந்தச் சந்தா முகவர் இழுத்தடிக்கிறார் என்பது பிறகு யாருக்கும் தெரியாது.

2. சந்தாவைப் பதியும்போது, பழைய இதழ்கள் சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டு எண் வரிசையைக் கொடுங்கள். ‘கரன்ட் சயின்ஸ்’ மாதம் இருமுறை வருவது. ஆண்டுக்கு இரண்டு தொகுதி, தொகுதிக்கு 12 இதழ். ஜூலையில் தொகுதி மாறி, எண் மறுபடி 1 ஆகும். ஆண்டுக்கு ஒரே தொகுதி என்று கொடுத்திருந்தால், மென்பொருள் 13ஆம் எண்ணுக்குக் காத்திருக்கும். பதிபவர் குழம்பி, வந்ததைக் கூடுதல் இதழாகச் சேர்ப்பார். 13 தாமதப் பட்டியலில் ஏறும். அச்சாகவே இல்லாத இதழைக் கேட்டு முகவருக்குக் கடிதம் போகும்.

3. ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ சில வாரங்களில் இரண்டு எண்களைச் சேர்த்து ஒரே இதழாக வந்ததுண்டு. அட்டையைப் படிக்காமல் ஒன்றை ‘வரவில்லை’ என்று போடாதீர்கள்.

4. தாமதம், வரவில்லை, நின்றுபோனது மூன்றும் வேறு வேறு நிலைகள். சரியானதைத் தேர்ந்தெடுங்கள்.

5. ‘இந்த மாதம் இத்தனை வந்தன’ என்று மட்டும் அறிக்கை கொடுக்காதீர்கள். வரவேண்டியவை எத்தனை, எத்தனை நாள் தள்ளி வந்தன, எவை வரவே இல்லை என்றும் கேட்டுச் சேருங்கள். நூலகவியலாளர் ரங்கநாதன் வகுத்த மூன்று அட்டை முறையில், வந்ததைக் குறிக்கப் பதிவு அட்டை இருந்தது. வராததைக் காட்டிக்கொடுக்கவே சரிபார்ப்பு அட்டை என்று தனியாக ஒன்றையும் அவர் வைத்தார். எனக்கு இன்றும் வியப்பான ஏற்பாடு அது. கணினி வந்துவிட்டதென்று ‘எது வரவில்லை’ என்ற கேள்வியை நாம் விட்டுவிடக் கூடாது.

6. தாமதப் பட்டியலை வாரம் ஒருமுறையாவது திறந்து பார்த்து, உடனே நினைவூட்டல் அனுப்புங்கள். பிரதிகள் தீர்ந்தபின் கேட்டுப் பயனில்லை. ஓர் எண் விடுபட்டால் அந்த ஆண்டுத் தொகுதியைக் குறையோடுதான் பைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். தனக்கு வேண்டிய கட்டுரை அந்த எண்ணில்தான் இருக்கிறது என்று வந்து நிற்கும் ஆய்வு மாணவருக்கு நம்மிடம் கொடுக்க எதுவும் இருக்காது.

7. சந்தா புதுப்பிக்கும் கூட்டத்துக்கு முகவர் வாரியாகத் தாமதக் கணக்கை அச்செடுத்துக் கொண்டு போங்கள்.